இந்தியா எத்தனையாவது? துகள் இயற்பியலில் நாடுகளை ஒப்பிட ஒரு செய்முறை

முதுகலை இயற்பியல் மாணவர்கள் புராஜெக்ட் தலைப்பு தேடும் பருவத்தில் ஒரு கேள்வி வருஷம் தவறாமல் என்னிடம் வந்துவிடுகிறது: "சார், நியூக்ளியர் பிசிக்ஸ், பார்ட்டிகிள் பிசிக்ஸ்ல இந்தியா உலகத்துல எத்தனையாவது?" மேலூரிலிருந்து வருபவரும் கேட்கிறார், உசிலம்பட்டியிலிருந்து வருபவரும் கேட்கிறார். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டும், வேண்டாம் என்ற வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள் அவர்கள். அங்கே வருவதாக இருந்த 50,000 டன் இரும்புக் கருவியின் 85 டன் மாதிரி மதுரையிலேயே இயங்குவதையும் சிலர் பார்த்திருக்கிறார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது இதே கேள்விக்கு ஒரு செமினாரில் பதில் சொன்னேன். ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைத்தது, அதாவது பிற கட்டுரைகள் அதை எத்தனை தடவை சுட்டிக்காட்டின என்று கணக்கிட்டு நாடுகளை வரிசைப்படுத்தியிருந்தேன். மேல் வரிசைகளில் மிகச் சிறிய நாடுகள் சில வந்திருந்தன. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பத்து நாட்டுக்கும் பொதுவான கட்டுரை எத்தனை தம்பி?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பத்து நாடுகளின் உச்சிக் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒரே கட்டுரைகள். சித்திரைத் திருவிழாவில் ஒரே தேரின் வடத்தைப் பிடித்து நின்ற பத்துத் தெருக்காரர்களைப் பார்த்து, மாசி வீதியில் பத்துத் தேர் ஓடியது என்று எழுதியிருக்கிறேன்.

அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தச் செய்முறை. தேவைப்படுபவை ஒரு மடிக்கணினி, இணையம், எக்செல், அப்புறம் இரண்டு சனிக்கிழமை. காசு கட்டிப் பார்க்க வேண்டிய தரவுத்தளம் எதுவும் வேண்டாம். வீட்டில் இணையம் சரியாக இல்லையென்றால் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்காருங்கள்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

"எத்தனையாவது இடம்" என்பது ஒரே கேள்விபோலத் தெரிகிறது. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. உலகம் அதிகம் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் எந்த நாட்டு ஆட்கள் பங்கெடுத்தார்கள்? அந்தக் கட்டுரைகளில் எந்த நாட்டு ஆட்களின் யோசனை முன்னால் நின்றது? ஒரு நாடு தன் அளவுக்கும் செலவுக்கும் ஏற்றபடி செய்திருக்கிறதா? மூன்றுக்கும் மூன்று பதில்கள் வரும். எதைத் தேடுகிறீர்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். நடுவழியில் எண்கள் உங்களை இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பி வர அந்த வாக்கியம்தான் உதவும்.

தரவு எங்கே கிடைக்கும்

கட்டுரைகள் ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டுவதைப் பட்டியலாக்கும் வேலையை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் யூஜின் கார்ஃபீல்டு தொடங்கினார். அவருடைய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் 1964-இல் வெளிவந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வழி வந்ததுதான். எல்சவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் 2004-இல் வந்தது. இரண்டுக்கும் சந்தா வேண்டும். உங்கள் கல்லூரியில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை மூன்று.

ஒன்று, சிமாகோ. ஸ்கோபஸ் தரவை வைத்து 1996 முதல் நாடுவாரியாகக் கணக்குப் போட்டுத் தருகிறது. தளத்தைத் திறந்து நாடுகளின் தரவரிசைப் பக்கத்துக்குப் போங்கள். பாடப் பிரிவில் இயற்பியல் மற்றும் வானியலைத் தேர்ந்தெடுங்கள். அதன் உட்பிரிவில் அணுக்கரு மற்றும் உயர் ஆற்றல் இயற்பியல் என்று தனியாகவே இருக்கிறது. அதைச் சொடுக்கினால் கட்டுரைகள், மேற்கோள்கள், சுயமேற்கோள்கள் (ஒரு நாட்டுக் கட்டுரைக்கு அதே நாட்டுக் கட்டுரைகளிலிருந்து வந்தவை), கட்டுரைக்குச் சராசரி மேற்கோள், எச்-இண்டெக்ஸ் (குறைந்தது எச் மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் எச் இருந்தால் அந்த எண்) ஆகியவை நாடுவாரியாக வந்து நிற்கும். எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பத்து நிமிஷ வேலை. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் அன்றைக்கு இப்படிப்பட்ட ஓர் அட்டவணையோடுதான் நிறுத்தினேன். இது நாட்டின் மொத்தக் கணக்கு மட்டும். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எவை என்று இதில் தெரியாது.

இரண்டு, இன்ஸ்பயர். துகள் இயற்பியல்காரர்கள் தங்களுக்காகவே நடத்தும் தரவுத்தளம். செர்ன், டெசி, ஃபெர்மிலேப், ஸ்லாக் முதலிய ஆய்வகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. இந்தத் துறையைப் பொறுத்தவரை இதைவிட நம்பகமான மேற்கோள் கணக்கு வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம். காரணம், அச்சாகும் முன்பே கட்டுரைகளை இலவசமாகப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் போடப்பட்ட முன்வரைவுக்குக் கிடைத்த மேற்கோளையும் ஆய்விதழில் அச்சான பிரதிக்குக் கிடைத்த மேற்கோளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுகிறது. ஆசிரியர் எண்ணிக்கையை வைத்து வடிகட்டும் வசதியும் இதில் இருக்கிறது. அதன் அருமை பின்னால் தெரியும்.

மூன்று, ஓப்பன் அலெக்ஸ். 2022-இல் வந்த திறந்த தரவுத்தளம். நாடு, ஆண்டு, உட்பிரிவு என்று வடிகட்டி, மேற்கோள் வரிசையில் அடுக்கி, பட்டியலாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு கட்டுரை அதே ஆண்டு, அதே உட்பிரிவுக் கட்டுரைகளில் மேல் 1 சதவீதத்துக்குள் வருகிறதா என்ற குறிப்பும் அதன் தரவில் உண்டு. குறைகளும் இருக்கின்றன. முகவரி விடுபட்ட கட்டுரைகள் உண்டு. பெரிய ஆசிரியர் பட்டியல் கொண்ட கட்டுரைகளை மொத்தமாக இறக்கும்போது முதல் 100 பேர் மட்டும் வந்து மற்றவர்கள் வெட்டுப்படலாம். 3,000 பேர் எழுதிய கட்டுரையில் முதல் 100 பேரை மட்டும் எண்ணினால், அகர வரிசையில் பின்னால் வரும் பெயர்களும் அவர்களுடைய நாடுகளும் காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

கூகுள் ஸ்காலரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கட்டுரை தேட அது அருமை. நாடுவாரியாகப் பிரிக்க வழியில்லை.

வேலிக்குள் எது, வெளியே எது

தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆய்விதழை வைத்துத்தான் துறையைப் பிரிக்கின்றன. பிசிக்கல் ரிவ்யூ டி, ஜர்னல் ஆஃப் ஹை எனர்ஜி பிசிக்ஸ், பிசிக்ஸ் லெட்டர்ஸ் பி, அணுக்கரு இயற்பியலுக்குப் பிசிக்கல் ரிவ்யூ சி, நியூக்ளியர் பிசிக்ஸ் ஏ ஆகியவை வேலிக்குள் வந்துவிடும். பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் எல்லா இயற்பியலுக்கும் பொதுவான இதழ் என்பதால் வெளியே நின்றுவிடும். நேச்சர், சயின்ஸ் இதழ்களும் அப்படியே. இந்தத் துறையின் மிகச் சிறந்த முடிவுகள் பல அச்சாவது பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில்தான். ஆக, இதழ் அடிப்படையில் பிரித்த பட்டியலில் சந்தைக்கு வந்த பூவெல்லாம் இருக்கும், வண்டியிலேயே விலைபோன முதல் ரகம் இருக்காது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஓப்பன் அலெக்ஸ் இதழைப் பார்க்காமல் கட்டுரையைப் பார்த்தே பொருளைத் தீர்மானிக்கிறது, ஆகவே பொது இதழ்க் கட்டுரைகளும் உள்ளே வரும். தவறாக வந்து சேர்ந்தவற்றை நீங்கள் கையால் நீக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஸ்பயரில் ஆர்க்கைவின் பொருள் பிரிவுகளை வைத்துத் தேடுங்கள். அங்கே சோதனை, கோட்பாடு, நிகழ்வியல், அணுக்கருச் சோதனை, அணுக்கருக் கோட்பாடு என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

அணுக்கரு இயற்பியலையும் துகள் இயற்பியலையும் ஒரே வரிசையில் சேர்க்காதீர்கள். மேற்கோள் காட்டும் பழக்கம் இரண்டிலும் வேறு. துகள் கோட்பாட்டில் புதிதாக ஒன்று வந்தால் சில மாதங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் அதைத் தொடர்ந்து எழுதுவார்கள். ஓர் அணுக்கருவின் வினைக் குறுக்குவெட்டை (வினை நிகழும் வாய்ப்பின் அளவை) பொறுமையாக அளந்த கட்டுரை இருபது வருஷம் பயன்படும், ஆனால் வருஷத்துக்குச் சில மேற்கோள்தான் வாங்கும். எந்த நாடு அணுக்கரு அளவீட்டில் அதிகம் உழைக்கிறதோ, அந்த நாடு கலந்த பட்டியலில் பின்தங்கித் தெரியும்.

செய்தித்தாளில் "இயற்பியலில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்கள்" என்று வருகிற பட்டியல் நம் கேள்விக்கு உதவாது. கிளாரிவேட் நிறுவனத்தின் எசென்ஷியல் சயின்ஸ் இண்டிகேட்டர்ஸ் அறிவியல் அனைத்தையும் 22 துறைகளாகத்தான் பிரிக்கிறது. இயற்பியல் முழுக்க அதில் ஒரே துறை.

"அதிகம்" என்றால் எவ்வளவு

500 மேற்கோள் வாங்கிய கட்டுரை பெரிய கட்டுரையா? 1998-இல் வந்தது என்றால் ஒரு பதில், போன வருஷம் வந்தது என்றால் வேறு பதில். அதனால்தான் வெறும் எண்ணை விட்டுவிட்டு, அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளில் மேல் 1 சதவீதம் என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதையே பயன்படுத்துங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஆண்டில் உலகம் முழுக்க 20,000 கட்டுரைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். மேல் 1 சதவீதம் 200. நம் நாட்டு முகவரி உள்ள கட்டுரைகள் 1,000, அவற்றில் 14 இந்த 200-க்குள் இருக்கின்றன. இதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கும். உலகின் உச்சிக் கட்டுரைகளில் நம் பங்கு 7 சதவீதம். நம் கட்டுரைகளில் உச்சியைத் தொட்டவை 1.4 சதவீதம். முதல் எண் நாட்டின் அளவைப் பொறுத்தது, இரண்டாவது எண் தரத்தோடு நெருங்கியது. இரண்டாவது எண் 1-க்கு மேல் இருந்தால் உலகச் சராசரியைவிட மேல், கீழே இருந்தால் கீழ். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

சராசரி மேற்கோளை நம்பாதீர்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விற்ற விலையையும் சாதாரண நாள் விலையையும் கூட்டிச் சராசரி போட்டால், அந்த விலைக்கு எந்த நாளிலும் பூ விற்றிருக்காது. மேற்கோளும் அப்படித்தான் பரவிக் கிடக்கிறது. சில கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வாங்கும், பெரும்பாலானவை பத்துக்குள் நிற்கும். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்ணை, அதாவது நடுமதிப்பைப் போடுங்கள்.

எந்த ஆண்டுகளை எடுப்பது? குறைந்தது மூன்று ஆண்டு பழையவற்றை எடுங்கள், ஐந்து என்றால் இன்னும் நல்லது. ஸ்டீவன் வைன்பர்க் 1967-இல் எழுதிய லெப்டான் மாதிரிக் கட்டுரை அச்சில் மூன்றே பக்கம். முதல் நான்கு ஆண்டுகள் யாரும் அதை ஏறக்குறையத் திரும்பிப் பார்க்கவில்லை. 1971-இல் கெரார்டு ட் ஹூஃப்ட் அப்படிப்பட்ட கோட்பாடுகளில் கணக்கு ஒழுங்காக முடியும் என்று காட்டிய பிறகுதான் மேற்கோள்கள் வந்து குவிந்தன. 1979-இல் வைன்பர்குக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1970-இல் யாராவது நாடுகளின் தரவரிசை போட்டிருந்தால் அந்தக் கட்டுரை அதில் இருந்த இடமே தெரிந்திருக்காது.

முகவரிதான் நாடு

தரவுத்தளத்துக்கு உங்கள் பிறந்த ஊர் தெரியாது. கட்டுரையில் அச்சான நிறுவன முகவரி எந்த நாட்டிலோ, அந்த நாட்டுக்கு மேற்கோள் போகும். துகள் கோட்பாட்டில் மிக அதிக மேற்கோள் வாங்கிய கட்டுரைகளில் ஒன்றை 1997-இல் எழுதியவர் ஹுவான் மால்டசேனா. அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸில் பிறந்தவர், அப்போது இருந்தது ஹார்வர்டில். ஆகவே அது அமெரிக்கக் கட்டுரை. நம்மூரில் படித்துவிட்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் கணக்கும் இதேதான்.

முகவரியில் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் இருக்கின்றன. செர்ன் ஓர் ஐரோப்பியப் பொது நிறுவனம், ஆனால் அதன் அஞ்சல் முகவரி ஜெனீவா. செர்ன் ஊழியர் எழுதியதெல்லாம் சுவிட்சர்லாந்தின் கணக்கில் ஏறக்கூடும். சுவிட்சர்லாந்தின் எண்ணைப் பார்த்து அசந்துபோவதற்கு முன் செர்ன் முகவரியை நீக்கி ஒரு தடவை கணக்கிடுங்கள். டுப்னாவில் உள்ள கூட்டு அணுக்கரு ஆய்வு நிறுவனமும் பல நாடுகள் சேர்ந்து 1956-இல் அமைத்ததுதான், முகவரி ரஷ்யாவில் இருக்கிறது.

ரஷ்யாவைப் பற்றி இன்னொன்று. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, செர்னின் பெரிய கூட்டுக்குழுக் கட்டுரைகளில் ரஷ்ய, பெலாரஸ் நிறுவனங்களின் பெயரைப் போடுவதில் சிக்கல் எழுந்தது. முடிவில், "செர்னோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் உள்ள ஒரு நிறுவனம்" என்று மட்டும் அச்சிட்டார்கள். நிறுவனப் பெயரும் இல்லை, நாடும் இல்லை. அந்தக் காலத்துக் கட்டுரைகளை முகவரி வழியாக எண்ணினால் ரஷ்யாவின் வரிசை சடாரென்று இறங்கும். அதைப் பார்த்து ரஷ்ய விஞ்ஞானிகள் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதினால் பெரிய பிழை.

ஊர்ப்பக்கமும் ஒரு எடுத்துக்காட்டு உண்டு. நாகமலை அடிவாரத்துப் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியபோது மதுரைப் பல்கலைக்கழகம். 1978-இலிருந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகம். பழைய பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் முதல் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு கணக்கில் வராது. நாடு என்ற அளவில் இது பிரச்சினை இல்லை, நிறுவனம் என்று இறங்கினால் உடனே தலைகாட்டும்.

எண்ணும் முறை: கோலார் கட்டுரையை வைத்து

கோலார் தங்க வயலில், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் முதன்முதலில் பதிவு செய்தார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழு அதைக் கண்டது. கோலார் முடிவு பிசிக்ஸ் லெட்டர்ஸ் இதழில் வந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்த வேலை. ஆசிரியர்கள் 11 பேர். இந்தியக் குழுவில் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் உட்பட 5 பேர், பிரிட்டன் குழுவில் 4 பேர், ஜப்பான் குழுவில் 2 பேர்.

இப்போது இந்தக் கட்டுரை எந்த நாட்டுடையது? முழு எண்ணிக்கை முறையில் மூன்று நாட்டுக்கும் தலா 1. ஒரு கட்டுரை மூன்றாகிவிட்டது. நாட்டுவாரிப் பின்ன முறையில் தலா மூன்றில் ஒன்று. ஆசிரியர்வாரிப் பின்ன முறையில் இந்தியாவுக்கு 0.45, பிரிட்டனுக்கு 0.36, ஜப்பானுக்கு 0.18. தசமத்தில் விட்டதைச் சேர்த்தால் கூட்டுத்தொகை 1. சுரங்கம் நம்முடையது, வேலையின் பெரும்பகுதி நம்முடையது என்ற உண்மைக்கு மூன்றாவது முறைதான் பக்கத்தில் வருகிறது.

சிமாகோ பயன்படுத்துவது முழு எண்ணிக்கை. நேச்சர் இண்டெக்ஸ் முழு எண்ணிக்கை, ஆசிரியர்வாரிப் பின்னம் இரண்டையும் தருகிறது. எந்த முறை என்று சொல்லாத தரவரிசை எதையும் நான் மாணவர்களை மேற்கோள் காட்ட விடுவதில்லை.

11 பேர் கட்டுரையில் வித்தியாசம் இவ்வளவுதான். 2015-இல் செர்னின் அட்லஸ், சி.எம்.எஸ் சோதனைகளின் இரண்டு கூட்டுக்குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையை வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியும். ஒரு நாட்டிலிருந்து 50 பேர் இருந்தால் ஆசிரியர்வாரிப் பங்கு 0.01-ஐத் தொடாது. முழு எண்ணிக்கையில் அதே நாட்டுக்கு 1. நூறு மடங்கு வித்தியாசம், அதுவும் ஒரே கட்டுரையில். தரவரிசையைத் தலைகீழாக்க இதுவே போதும்.

தேர் போன்ற பெரிய குழுவையும் வண்டி போன்ற சிறு குழுவையும் தனித்தனியாக எண்ணுங்கள்

இந்தச் செய்முறையில் ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இந்தப் படியைச் செய்யுங்கள்.

2012 ஜூலை 4 அன்று அறிவித்த ஹிக்ஸ் கண்டுபிடிப்பின் கட்டுரைகள் இரண்டும் பிசிக்ஸ் லெட்டர்ஸ் பி இதழில் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றிலும் சுமார் 3,000 பெயர்கள். இரண்டும் இந்தத் துறையின் மேற்கோள் பட்டியலில் உச்சியில் நிற்பவை. சி.எம்.எஸ் கட்டுரையில் டாட்டா நிறுவனம், கொல்கத்தாவின் சாகா நிறுவனம், பாபா அணு ஆராய்ச்சி மையம், டெல்லி, பஞ்சாப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் இருக்கின்றன. பாகிஸ்தானின் பெயரும் இருக்கிறது, ஆர்மீனியாவும் ஜார்ஜியாவும் இருக்கின்றன. ஆர்மீனியாவின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். நம் மதுரை மாவட்டத்தின் 2011 கணக்கெடுப்பு எண்ணும் 30 லட்சத்துச் சொச்சம்தான். நம் மாவட்டம் அளவுள்ள ஒரு நாடு சராசரி மேற்கோளில் பெரிய நாடுகளோடு தோளோடு தோள் நிற்பதற்குக் காரணம் இதுதான். அந்த நாட்டின் மொத்தக் கட்டுரைகள் குறைவு, அவற்றில் பெரும் பங்கு இப்படிப்பட்ட கூட்டுக்குழுக் கட்டுரைகள்.

இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து போனவர்களும் கண்டுணர்வியின் (துகள்களைப் பதிவு செய்யும் கருவியின்) ஒரு பகுதியைச் செய்து, இரவுப் பணி பார்த்து, தரவைச் சரிபார்த்துத்தான் பெயரை வாங்கினார்கள். வடம் பிடிக்க ஆளில்லாமல் தேர் நகராது. ஆனால் வடம் பிடித்ததும் தேர் செய்ததும் ஒரே தகவல் ஆகாது. அதனால் இரண்டையும் எக்செலின் ஒரே நெடுவரிசையில் கூட்டாதீர்கள்.

எக்செலில் ஒவ்வொரு உச்சிக் கட்டுரைக்கும் எதிரே ஆசிரியர் எண்ணிக்கையை எழுதுங்கள். பிறகு மூன்று கூடைகள்: 10 பேர் வரை, 11 முதல் 100 வரை, 100-க்கு மேல். எல்லையை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம், எழுதிச் சொன்னால் போதும். இன்ஸ்பயரில் இடப்பக்கம் "ஒரே ஆசிரியர்", "10 பேர் அல்லது குறைவு" என்ற வடிகட்டிகள் தயாராகவே இருக்கின்றன. மூன்று கூடைக்கும் நாடுகளின் வரிசையைத் தனித்தனியே போடுங்கள்.

சிறு குழுக் கூடையில்தான் நாட்டின் சொந்தக் குரல் கேட்கும். ஜப்பானின் கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-இல் கியோட்டோவிலிருந்து எழுதிய இரண்டு பேர் கட்டுரை ஜப்பானிய இதழ் ஒன்றில் வந்து, உலகமே மேற்கோள் காட்டும் கட்டுரையாகி, 2008-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. நம் நாட்டில் பிரயாக்ராஜின் ஹரீஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து அசோக் சென் எழுதிய சரக் கோட்பாட்டுக் கட்டுரைகள் இந்தக் கூடையில் வருபவை. 2012-இல் அவருக்கு அடிப்படை இயற்பியல் பரிசு கிடைத்தது. ஐந்தாயிரம் பேரில் ஒருவராக இருப்பதும், தனியாக உட்கார்ந்து எழுதியதை உலகம் எடுத்தாள்வதும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொண்டால், நம் நாட்டின் பலம் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் போகும்.

பெரிய கூடையை ஆண்டுவாரியாகவும் பாருங்கள். எந்த நாடு எந்தக் கூட்டுக்குழுவில் எப்போது சேர்ந்தது என்ற விவரத்தைப் பக்கத்தில் குறியுங்கள். இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது 2017-இல், பாகிஸ்தான் 2015-இல். ஆனால் இரு நாட்டு விஞ்ஞானிகளும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சோதனைகளில் இருந்தார்கள். ஆகவே உறுப்பு ஆண்டை வைத்து ஏற்றத்துக்குக் காரணம் சொல்ல அவசரப்படாதீர்கள்.

களையெடுப்பு

துகள் தரவுக் குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் துகள் இயற்பியல் மதிப்பாய்வு ஒரு கையேடு. துகளின் நிறை எவ்வளவு, ஆயுள் எவ்வளவு என்று பார்க்க எல்லாரும் புரட்டுவது. ஒவ்வொரு பதிப்பும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கும். புதுக் கண்டுபிடிப்பு எது என்று தேடும்போது இதை ஒதுக்கி வையுங்கள். இன்ஸ்பயரில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. துகள்கள் பொருளினூடே செல்வதைக் கணினியில் நடத்திக்காட்டும் ஜியான்ட்4 மென்பொருளின் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையும் மிக அதிக மேற்கோள் வாங்கியது. புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சை ஆராய்ச்சிக்காரர்கள்கூட அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதை நீக்கச் சொல்ல மாட்டேன், அது உண்மையான உழைப்பு. கருவி, மென்பொருள் என்று தனிக் குறி போட்டு வையுங்கள்.

சுயமேற்கோளுக்குச் சிமாகோவில் தனி நெடுவரிசையே இருக்கிறது. மொத்தத்திலிருந்து கழித்துப் பாருங்கள். பெரிய நாட்டில் ஆய்வாளர்கள் அதிகம், ஆகவே தன் நாட்டு மேற்கோளும் இயல்பாகவே அதிகம் இருக்கும். கழித்த பிறகு வரிசை எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும் குறித்தால் போதும், அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

எதால் வகுப்பது

மக்கள்தொகையால் வகுத்தால் இந்தியாவும் சீனாவும் கீழே போகும், சுவிட்சர்லாந்து மேலே போகும். ஆராய்ச்சிச் செலவால் வகுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. இந்தியா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்கிறது 2020-21-க்கான அரசுக் கணக்கு. ஆனால் அந்தத் தொகை எல்லாத் துறைக்குமானது. அதைத் துகள் இயற்பியல் கட்டுரைகளோடு மட்டும் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்குப் பெரிய அர்த்தம் ஏற்றாதீர்கள்.

அட்டவணையில் வராதவை

பொட்டிபுரம் திட்டத்துக்காக நம் நாட்டில் கண்ணாடித் தகடுகளைக் கொண்ட கண்டுணர்விகளை உருவாக்கினார்கள், மின்னணுச் சுற்றுகளை வடிவமைத்தார்கள், மாணவர்களைப் பழக்கினார்கள். மதுரை மாதிரிக் கருவியில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூயான் என்ற துகள்களைப் பதிவு செய்து கட்டுரைகளும் வந்தன. கருவி கட்டும் கட்டுரைகள் பொதுவாக அதிகம் மேற்கோள் வாங்குவதில்லை. மேல் 1 சதவீதப் பட்டியலில் இவற்றைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு நாட்டுக்குள் சோதனை இயற்பியல் வேர் பிடிப்பது இந்த வேலையில்தான். ஆகவே அட்டவணைக்குக் கீழே ஒரு பத்தி ஒதுக்கி, இதில் எண்ணப்படாதவை இவை என்று எழுதுங்கள். என்னிடம் புராஜெக்ட் செய்பவர்களுக்கு அந்தப் பத்தி கட்டாயம்.

எழுதும் விதம்

கடைசியில் வாக்கியத்தை எப்படி எழுதுவது என்பதுதான் பலருக்கும் தடுமாற்றம். "துகள் இயற்பியலில் இந்தியா இத்தனையாவது" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இன்ன தரவுத்தளத்தில், மேல் 1 சதவீதக் கட்டுரைகளில், 10 ஆசிரியர்கள் வரை உள்ளவற்றை மட்டும் ஆசிரியர்வாரிப் பின்ன முறையில் எண்ணினால், இந்தியா இத்தனையாவது, 100-க்கு மேல் உள்ளவற்றை முழு எண்ணிக்கையில் எண்ணினால் இத்தனையாவது." வாக்கியம் நீளமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. வைவாவில் யார் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் அது நிற்கும்.

தரவை இறக்கிய தேதியை எக்செல் தாளின் முதல் கட்டத்தில் எழுதுங்கள். மேற்கோள் எண்கள் தினமும் ஏறுகின்றன, அடுத்த மாதம் வேறு எண் வரும். இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்து, நகலில் வேலை செய்யுங்கள்.

அப்புறம், சிறு குழுக் கூடையில் இந்திய முகவரியோடு வந்த கட்டுரைகளில் ஐந்தையாவது ஆர்க்கைவில் திறந்து முன்னுரையை மட்டும் படியுங்கள். துகள் இயற்பியல் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. போன வருஷம் என்னிடம் வந்த மாணவி ஒருவர் வரிசை எண் தேடித்தான் வந்தார். நியூட்ரினோ கலப்பைப் பற்றிய ஒரு கட்டுரையின் முன்னுரையில் நின்றுவிட்டார். எக்செல் தாளை முடித்துக் கொடுத்த கையோடு, அந்தக் கட்டுரையின் இரண்டாவது சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை முழுக்க நாங்கள் அந்தச் சமன்பாட்டைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.